பழைய சிட்டி விடெக்: கால் மைல் 17.9 நொடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, உதவி தேவை

கோவை விடெக்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். அப்பா வாங்கிய வண்டி. ஏர் ஃபில்டரைத் தவிர என்ஜினில் எதையும் மாற்றவில்லை. போன மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்தில் முதல்முறையாக டிராக் ரேஸ் ஓட்டினேன், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கால் மைல், 402 மீட்டர். மூன்று ஓட்டம் கிடைத்தது: 17.94, 18.06, 17.89 நொடி. கோட்டைக் கடக்கும்போது வேகம் 129, 128, 129 கிலோமீட்டர். 5,000 ஆர்பிஎம்மில் வைத்து கிளட்சை டக்கென்று விடுகிறேன். பச்சை விளக்கு விழுந்து கிளம்பவே எனக்கு 0.9 நொடி ஆகிறது, அதனால்தான் நேரம் கெடுகிறதோ என்றும் தோன்றுகிறது. என்ஜின் புகையைத் தடையில்லாமல் வெளியேற்றும் குழாய்களான ஹெடரும் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்டும் போட்டால் ஒரு நொடி குறையும் என்று பட்டறையில் சொல்கிறார்கள், செலவு 40,000 ரூபாய். போடலாமா?

பழைய ஜென்:
ஹெடர் போடுங்க பாஸ், சத்தமே வேற மாதிரி இருக்கும். ராத்திரி ஈசிஆரில் நாலு தடவை இழுத்துப் பார்த்தால் ஸ்டார்ட்டும் பழகிவிடும்.

டைமிங் மேசை:
ரோட்டில் வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தச் சாலையில் ராத்திரியிலும் சைக்கிளில் மீனவர்கள் போவார்கள். ரேஸ் தளத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். பச்சை விழுந்த பிறகு நீங்கள் தாமதிக்கிற நேரம் 17.94-இல் சேரவே சேராது. கிளம்பும் கோட்டில் குறுக்கே ஸ்டேஜ் கதிர் என்று ஒரு ஒளிக்கதிர் இருக்கும், சக்கரம் அதை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். பக்கத்து வண்டியிடம் தோற்பதற்கு அந்த 0.9 காரணமாகலாம், உங்கள் கால் மைல் நேரத்துக்கு அது காரணமில்லை.

ஓட்டம் முடிந்ததும் தந்த நேரச் சீட்டில் 60 அடி நேரம் என்று ஒரு வரி இருக்கும், முதல் 60 அடியை, அதாவது 18 மீட்டரை, கடக்க ஆன நேரம். அது எவ்வளவு?

கோவை விடெக்:
2.71, 2.78, 2.68. அதை நான் கவனிக்கவே இல்லை அண்ணே.

டைமிங் மேசை:
உங்கள் பிரச்சினை அங்கேதான். கடைசி வேகம் என்ஜினின் பலத்தைச் சொல்லும், மொத்த நேரம் நீங்கள் கிளம்பிய விதத்தைச் சொல்லும். 129-இல் கோட்டைக் கடக்கும் வண்டி சரியாகக் கிளம்பினால் 17 நொடியை ஒட்டி வர வேண்டும். 106 குதிரைத்திறன் உள்ள பழைய என்ஜின் இன்னும் நன்றாகத்தான் இழுக்கிறது. நீங்கள் தொலைப்பதெல்லாம் முதல் 18 மீட்டரில்.

அங்கே 0.1 நொடி மிச்சப்படுத்தினால் கடைசியில் ஏறக்குறைய 0.15 முதல் 0.2 வரை குறையும். முதல் 18 மீட்டரை வேகமாகத் தாண்டிய வண்டி, மீதி 384 மீட்டரையும் கூடுதல் வேகத்தோடு தொடங்குகிறது அல்லவா, அதனால்தான். ஹெடருக்குச் செலவழித்து இதே மாதிரி கிளம்பினால் டயர் இன்னும் அதிகமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

இது முன்சக்கர இழுவை வண்டி. கிளம்பும்போது எடை பின்னால் சாயும். இழுக்க வேண்டிய சக்கரத்தின் மேல் பாரம் குறையும். அந்த நேரம் பார்த்து 5,000-இல் கிளட்சை விட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். 2,800, 3,000 ஆர்பிஎம்மில் பிடித்து, கிளட்சை ஏறக்குறைய ஒரு நொடி நேரத்தில் நழுவவிட்டு முழுதாக விடுங்கள். டயர் மெல்லக் கீச்சென்றால் சரியாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். விடாமல் அலறினால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

முன் டயரில் காற்று எவ்வளவு? டயர் எந்த வருடத்தது? பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும் பாருங்கள்.

கோவை விடெக்:
நாலிலும் 32. எண் 2317.

டைமிங் மேசை:
2017-இன் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் ஆழம் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். 40,000-இல் கொஞ்சத்தை எடுத்து முதலில் முன்பக்கம் இரண்டு புது டயர் போடுங்கள். முன்னால் 24, பின்னால் 38 வைத்து ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் பழைய அளவுக்குக் காற்று பிடித்துவிடுங்கள், குறைந்த காற்றில் நெடுஞ்சாலையில் போகக் கூடாது. கிளம்பும் கோட்டுக்கு முன்னால், ரேஸ் டயரைச் சுற்றிச் சூடேற்றுவதற்காகத் தண்ணீர் ஊற்றிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். சாலை டயரின் பள்ளத்தில் ஏறும் தண்ணீர் கோட்டில் நிற்கும்போது சொட்டும், டயர் வழுக்கும்.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
ஒன்று கேட்கிறேன் தம்பி. டயர் சுற்றும்போது முன்பக்கம் தடதடவென்று குதிக்கிறதா?

கோவை விடெக்:
ஆமாம் சார், டேஷ்போர்டே ஆடும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
அப்படி விடக் கூடாது. என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்ட் போயிருக்கும். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கும் ஃபுட் பிரேக்கும் போட்டு, ஒரு ஆளை உட்கார வைத்து முதல் கியரில் கிளட்சை லேசாகத் தொடச் சொல்லுங்கள். நீங்கள் ஓரமாக நில்லுங்கள், வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். என்ஜின் எழுந்து உட்கார்ந்தால் மவுண்ட் காலி. அப்படியே குதிக்க விட்டால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் உடையும்.

அப்புறம், ஜாக்கி ஏற்றி நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். பின் பிரேக் டிரம்மில் லைனிங் உரசினால் கேட்கும். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் இருக்கிற சாமான் எல்லாம் இறக்குங்கள். பெட்ரோல் கால் டேங்க் போதும். இந்த வண்டிக்கு 10 கிலோ குறைந்தால் சுமார் 0.05 நொடி.

கோவை விடெக்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சார் சொன்னதுதான் சரி. வலதுபக்க மவுண்டில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பின்பக்க இடது டிரம்மும் உரசிக்கொண்டிருந்தது. மவுண்ட், இரண்டு டயர், பிரேக் வேலை முடித்துவிட்டு நேற்று இருங்காட்டுக்கோட்டை போனேன்.

முதல் ஓட்டத்தில் பயந்து 2,500-இல் கிளம்பினேன், வண்டி முக்கியது. 60 அடி 2.55. இரண்டாவதில் 3,000, கிளட்சை நழுவவிட்டேன். ஒரு சின்ன கீச், அவ்வளவுதான், ஸ்டீயரிங் கையில் ஆடவே இல்லை. 60 அடி 2.38, மொத்தம் 17.36, வேகம் 130.

மூன்றாவதிலும் 2.39 வந்தது. அப்பா கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். சீட்டை அவரிடம் கொடுத்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அண்ணே, சார், இருவருக்கும் மிக்க நன்றி. ஹெடர் வாங்கவில்லை. முதலில் 2.3-ஐத் தொட வேண்டும். முன்னால் 22 வைத்துப் பார்க்கலாமா, சொல்லுங்கள்.

டைமிங் மேசை:
பாருங்கள் தம்பி. ஆனால் ஓட்டத்துக்கு ஒரு பவுண்டு மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் எழுதி வையுங்கள்.