60 பாகையை 120 என்று எழுதிய வகுப்பு

ஐந்தாம் வகுப்புக்குக் கோணமானி கொடுத்த முதல் நாள். நோட்டில் இருந்த கோணத்தை அளக்கச் சொன்னேன். விடை 60 பாகை. பாதிப் பேர் 120 என்று எழுதியிருந்தார்கள். கோணமானியில் எண்கள் இரண்டு வரிசை; ஒன்று இடமிருந்து ஏறும், மற்றது வலமிருந்து. "கோட்டின் மேல் பூஜ்யம் எந்த வரிசையில் இருக்கிறதோ அதைப் படி" என்றேன். மறுநாளே மறந்துவிட்டார்கள்.

அப்புறம் ஆளுக்கொரு தாளை இரண்டு முறை மடித்து மூலை செய்யச் சொன்னேன். அளப்பதற்கு முன்னால் அந்த மூலையைக் கோணத்தின் மேல் வைக்க வேண்டும். கோணம் மூலைக்குள் அடங்கினால் 90க்குக் கீழே, மூலைக்கு வெளியே நீட்டினால் மேலே. நான் வாய் திறக்கும் முன்பே 120ஐ அழித்தார்கள்.

கோட்டை நீட்டினால் கோணமும் பெரிதாகும் என்ற நம்பிக்கைதான் லேசில் போகவில்லை. நீட்டி அளந்து காட்டினேன், அதே 60. ஒரு பெண் மட்டும் என் கோணமானியைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

—

சார், எங்கள் நான்காம் வகுப்பில் அலகு மாற்றம்தான் தலைவலி. 2 கிலோ 50 கிராமைக் கிராமாக மாற்றச் சொன்னால் 250 என்கிறார்கள். "கிலோ என்றால் 1000ஆல் பெருக்கு" என்று ஒப்பிப்பார்கள், விடை மட்டும் 250! பலசரக்குக் கடைக்காரர் மகன் ஒருவன் சிரித்துவிட்டான். "மிஸ், 250ன்னா கால் கிலோதான். அந்த ரெண்டு கிலோ எங்க போச்சு?" இப்போது யார் தப்பு செய்தாலும் வகுப்பே அந்தக் கேள்வியைக் கேட்கிறது. 1 மீட்டர் 5 சென்டிமீட்டரை 15 சென்டிமீட்டர் என்று எழுதியவனிடமும் "மீட்டர் எங்கடா போச்சு?" என்றார்கள். 105 என்று திருத்திவிட்டான். நான் மூன்று வாரம் கத்தியதைக் கடைக்காரர் மகன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

—

நான் ஆசிரியர் இல்லைங்க, கொத்தனார். மகள் ஐந்தாம் வகுப்பு. சுவர் மூலை பார்க்க நாங்கள் கோணமானி வைப்பதில்லை. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்துக் குறுக்கே டேப் பிடித்தால் 5 அடி வரணும். வந்தால் மூலைமட்டம் சரி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே மகளைப் பிடிக்கச் சொன்னேன். ஓர் அங்குலம் கூடுதலாக வந்தது. உடனே கோணமானியை எடுத்து வைத்து "92 பாகை இருக்குப்பா" என்றாள். திண்ணை நான் கட்டியதுதான்.