ஏழு வருடம் கழித்து மறுபடியும் டிரையத்லான்: திரும்பி வந்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

கடைசியாகப் போட்டியில் இறங்கியது 2017-ல். ஒலிம்பிக் தூரம்: ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அப்புறம் வேலை, வீடு மாற்றம், முதுகுவலி என்று ஒவ்வொன்றாக வந்து, சைக்கிள் சுவரில் மாட்டிய அலங்காரப் பொருளாகிவிட்டது. போன மாதம் ஸ்பிரின்ட் தூரத்தில் திரும்ப வந்தேன். 750 மீட்டர், 20, 5. எல்லாமே பாதிதானே என்று தைரியமாகப் பெயர் கொடுத்தேன்.

நீச்சலில்தான் மானம் போனது. மூன்று மாதம் நீச்சல் குளத்தில் ஒழுங்காக நீந்தியிருந்தேன், தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் குளத்தில் அடியில் ஒரு கோடு இருக்கும், 25 மீட்டருக்கு ஒரு சுவர் வரும். ஏரியில் என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, பழைய நினைப்பில் முன்வரிசையில் போய் நின்றிருந்தேன். நூறு மீட்டர் தாண்டுவதற்குள் ஒருவர் குதிகால் என் கண்ணாடியில் இடித்தது, இன்னொருவர் முதுகின் மேலேயே ஏறிப் போனார். மூச்சை இழுக்க முடிகிறது, விட முடியவில்லை. மல்லாந்து மிதந்து, இருபது வரை எண்ணி, வாயால் ஊதி ஊதி வெளியே விட்டேன். அப்புறம் முதல் மிதவை வரைக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்தான், தவளை மாதிரி மெதுவாகப் போகும் நீச்சல். அந்தக் காலத்தில் இப்படி நீந்துகிறவர்களைத் தாண்டிப் போகும்போது உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கரையேறியதும் ஒரு வேடிக்கை. ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி. நான் யோசிக்கும் முன்பே என் கை ஹெல்மெட்டை எடுத்து, தாடைக்குக் கீழே டக்கென்று பூட்டிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பயமே விட்டது. ஏழு வருடம் இந்த விரல்கள் இதை எங்கே வைத்திருந்தன?

சைக்கிளில் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். எவ்வளவு வலுவாக மிதிக்கிறோம் என்பதை வாட்டில் காட்டும் கருவி பவர் மீட்டர்; மண்டைக்குள் 2017-ன் வாட் கணக்கு அப்படியே இருந்தது. பவர் மீட்டரில் அந்த எண் தெரியும்வரை மிதித்தேன், தெரிந்தது, பூரித்துப் போனேன். அதற்கான வட்டியை ஓட்டத்தின் இரண்டாவது கிலோமீட்டரில் கட்டினேன். மூச்சு நன்றாக இருந்தது, இடது கெண்டைக்கால்தான் கல்லாகிவிட்டது. மீதியில் பாதி நடை.

பழைய நேரங்களை வைத்துக்கொண்டு நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

பதில்:
எனக்கு ஐந்து வருட இடைவெளி, நடுவில் இரண்டு பிரசவம். கெண்டைக்கால் கதை எனக்கும் உண்டு, ஆனால் பயிற்சியிலேயே வந்து தொலைத்தது. நெஞ்சு சில வாரங்களில் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் வரும், மாதக்கணக்கு ஆகும். ‘இன்னும் போகலாம்’ என்று மூச்சு சொல்வதைக் கேட்டு ஓடினால் குதிநாண்தான் அடி வாங்கும். அதனால் போட்டியிலேயே மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் அடியிலிருந்தே வைத்துக்கொண்டேன். நடக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது ‘விட்டுடாதீங்க, இன்னும் கொஞ்சம்தான்’ என்று தட்டிக்கொடுத்துப் போவார்கள். திட்டப்படிதான் நடக்கிறேன் என்று எத்தனை பேரிடம் விளக்குவது!

பழைய நேரங்களைக் கைக்கடிகாரத்திலிருந்து அழித்துவிட்டேன். புது வயதுப் பிரிவு, புதுக் கணக்கு.

பதில்:
உடம்பைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். சாமான்களுக்கும் வயதாகும் ஐயா. என் டயரில் ரப்பர் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருந்தது. பக்கவாட்டில் முடி போல விரிசல் இருந்ததை நான் பார்க்கவில்லை. எட்டாவது கிலோமீட்டரில் வெடித்தது. கையில் மாற்று டியூப் இருந்தது, ஆனால் கிழிந்த டயருக்குள் டியூபை மாற்றி என்ன புண்ணியம்? ஓரமாக உட்கார்ந்து எல்லோருக்கும் கை தட்டினேன். நீச்சல் கண்ணாடியின் பட்டையையும் இழுத்துப் பாருங்கள், என்னுடையது தண்ணீரில் இறங்கும் முன்பே அறுந்தது. பக்கத்தில் நின்றவர் தன்னிடம் இருந்த இரண்டாவது ஜோடியைக் கொடுத்தார்.

பதில் (முதலில் எழுதியவர்):
டயரைப் பற்றிப் படித்ததும் போய்ப் பார்த்தேன். விரிசல் இருக்கிறது! இதில்தான் 20 கிலோமீட்டர் பூரித்துப் போய் மிதித்திருக்கிறேன்.

நேரங்களை அழிக்க மனம் வரவில்லை, பவர் மீட்டரின் திரையை மட்டும் கழற்றி வைத்துவிட்டேன். அடுத்த போட்டிக்கும் பெயர் கொடுத்தாயிற்று. இந்த முறை கடைசி வரிசையில், ஓரமாக நிற்பேன். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் யாராவது போனால் அது நானாகத்தான் இருக்கும், சிரிக்காமல் தாண்டிப் போங்கள்.