இருமினால் கசிவு: கீகல் செய்தும் குறையவில்லை, எங்கே தப்பு?

மல்லிகை46:
வயது 46, இரண்டும் சுகப்பிரசவம். இருமினால், தும்மினால், குனிந்து குடம் தூக்கினால் சொட்டுச் சொட்டாக மூத்திரம் வந்துவிடுகிறது. சில நேரம் பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள்ளேயே போய்விடுகிறது. வீடியோ பார்த்துக் கீகல் (மூத்திரத்தைப் பிடித்துவைக்கும் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) செய்கிறேன், பலனில்லை. மூத்திரத்தைப் பாதியில் நிறுத்திப் பழகச் சொல்கிறார்களே, சரியா? அந்தத் தசைக்குக் கரண்ட் வைக்கும் கருவி வாங்கலாமா?

பிசியோ_கோவை:
பாதியில் நிறுத்துவதை விட்டுவிடுங்கள். எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒருமுறை செய்து பார்த்தால் போதும். அதையே பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் மிச்சம் தங்கும். தொற்றுக்கு அதுவே வழி.

கீகல் பலிக்காததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது, மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவதைத்தான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வாயுவையும் மூத்திரத்தையும் சேர்த்து அடக்குவதுபோல் இறுக்கினால், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போக வேண்டும். வெளியே புடைத்தால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். அப்படிச் செய்தால் கசிவு கூடத்தான் செய்யும். புட்டமும் தொடையும் சும்மா இருக்க வேண்டும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்க முடியாது.

அளவு: 4 விநாடிதான் தாங்குகிறதா, அங்கிருந்தே தொடங்குங்கள். 4 விநாடி பிடி, 8 விநாடி முழுசாகத் தளர்த்து. தளர்த்துவதும் பயிற்சிதான், அதை விழுங்கிவிடாதீர்கள். இப்படி 8 முதல் 10 தடவை. பிறகு சட்சட்டென்று 10 இறுக்கம். தும்மலுக்கு உதவப்போவது இந்த வேகம்தான். ஒரு நாளைக்கு 3 வேளை. மெதுவாக 10 விநாடி வரை ஏற்றுங்கள். படுத்தபடி சுலபமானதும் உட்கார்ந்து, அப்புறம் நின்று. நிற்கும்போதுதானே கசிகிறது, படுத்தே செய்துகொண்டிருந்தால் எப்படி? 3 மாதம் சரியாகச் செய்த பிறகுதான் பலனா இல்லையா என்று முடிவெடுக்கலாம்.

இன்னொன்று, இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் இறுக்கி, பிறகு இருமுங்கள். குடத்துக்கும் அதேதான்: இறுக்கு, மூச்சை வெளியே விட்டபடி தூக்கு.

கருவியை அவசரப்பட்டு வாங்காதீர்கள். தசை கொஞ்சமும் சுருங்கவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தால் மட்டும் அதை யோசிக்கலாம். கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் தொடவே கூடாது.

செவிலி_மதுரை:
கதவுகிட்ட கசிவது வேறு கணக்கு. இருமல் கசிவில் தசையின் பிடிமானம் போதவில்லை. இதில் சிறுநீர்ப்பை நேரங்கெட்ட நேரத்தில் சுருங்குகிறது. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது போல.

3 நாள் நோட்டுப் போடுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மில்லி போனது (பழைய அளவுக் கப் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்), எப்போது கசிந்தது. மணிக்கு ஒருதரம் போகிறீர்கள் என்றால் அதை 1¼ மணி ஆக்குங்கள். அது பழகியதும் இன்னொரு 15 நிமிடம். 3 மணி இடைவெளி வந்தால் நல்லது. அவசரம் முட்டும்போது ஓடக்கூடாது. அப்படியே நின்றோ உட்கார்ந்தோ 5, 6 தடவை சட்சட்டென்று இறுக்குங்கள். முட்டுதல் அடங்கியதும் நிதானமாக நடந்து போங்கள். வெளியே கிளம்பும் முன் 'எதுக்கும் ஒருதரம் போயிட்டு வந்துடலாம்' என்ற பழக்கம்தான் பையைக் கெடுக்கிறது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். மூத்திரம் கெட்டியானால் பையை இன்னும் உறுத்தும். குறைக்க வேண்டியது காப்பி, டீ. சுகரும் பார்த்துவிடுங்கள், ஏறியிருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூத்திரம் அதிகமாகத்தான் போகும்.

மல்லிகை46:
ரொம்ப நன்றி. இந்தியன் டாய்லெட்டில் குந்துவதால் தசை தளருமா? பிசியோவிடம் போனால் உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களா?

பிசியோ_கோவை:
குந்துவதால் கெடுதல் இல்லை, மலம் சுலபமாக இறங்கும். கெடுப்பது மலச்சிக்கலும் முக்கலும்.

உள்பரிசோதனை உண்டு. கையுறை போட்டு ஒரு விரலால், இறுக்கச் சொல்லித் தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. பெண் பிசியோ வேண்டும் என்று கேட்கலாம், நடுவில் நிறுத்தவும் சொல்லலாம். வெளியிலிருந்து ஸ்கேனில் பார்ப்பதும் உண்டு. ஆனால் ஒருதரம் விரலால் பார்த்துத் திருத்துவது பத்து வீடியோவுக்குச் சமம்.

வலி_குறிப்பு:
மேலே விட்டுப்போனது ஒன்று. உறவின்போது வலி, மூத்திரம் ஆரம்பிக்கவே தாமதம், அடிவயிற்றில் இறுக்கம் என்று இருந்தால் தசை தளர்ந்திருக்காது, ஏற்கனவே இறுகியிருக்கும். அவர்களுக்குக் கீகல் கெடுதல். வயிற்றை விரித்து மூச்சிழுத்துத் தளர்த்தப் பழகுவதே முதல் வேலை. மூத்திரத்தில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், எதோ கீழே இறங்கி வருவதுபோல் உணர்வு என்றால் பயிற்சிக்கு முன் மகப்பேறு மருத்துவரையோ சிறுநீரியல் மருத்துவரையோ பாருங்கள். தொடையிடுக்கில் மரத்துப்போய், மூத்திரம் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு.