ஃபைபர் படகில் போட்ட ஒட்டு அப்படியே உரிந்து வருகிறது. புது ரெசினும் காயாமல் பிசுபிசுக்கிறது. என்ன செய்வது?

வங்கக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். அப்பாவிடம் 28 அடி ஃபைபர் படகு இருக்கிறது, லாங்டெயில் டீசல் எஞ்சின். கரையில் ஏற்றி இறக்கி, அணியத்துக்கு (படகின் முன்பக்கம்) கீழே ஏராவில் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகு) ஒரு முழ நீளத்துக்கு மணல் தேய்த்துவிட்டது. மேல்பூச்சு போய் உள்ளே இருக்கும் நார் தெரிகிறது. நடுவில் ஒரு கீறல். தண்ணீரில் நிற்கும்போது அந்த வழியாக உள்ளே கசிகிறது.

போன வருடம் ஒருவரைக் கூப்பிட்டு வெளிப்பக்கமாக ஒட்டுப் போட்டோம். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தால் முழுத் தகடாக வந்துவிட்டது. அதன் பின்பக்கத்தில் எங்கள் படகின் நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது.

இந்த முறை நானே செய்யலாம் என்று 5 கிலோ ரெசின், 450 மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி நார் விரிப்பு), ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், அதை வேகப்படுத்த ஊதா நிறத்தில் ஒரு சின்ன பாட்டில் கோபால்ட் எல்லாம் வாங்கி வந்தேன். கடையில் லேமினேட்டிங் ரெசின் என்றார்கள். படகில் கை வைக்கும் முன் ஒரு பிளைவுட் துண்டில் போட்டுப் பார்த்தேன். மறுநாள் தட்டினால் கல் மாதிரி சத்தம் வருகிறது. ஆனால் மேலே தொட்டால் விரல் ஒட்டுகிறது, உப்புத்தாள் போட்டால் உடனே அடைத்துக்கொள்கிறது. கடையில் கேட்டால் கேட்டலிஸ்ட்டைக் கூட்டிப் போடச் சொல்கிறார்கள். பழைய ரெசினைத் தள்ளிவிட்டார்களா? மழைக்காலம் தொடங்குமுன் முடிக்க வேண்டும்.

கோவை_மாடல்:

நான் கார் பம்பர், பைக் பாகங்கள் செய்பவன், படகு அனுபவம் கிடையாது. எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின் போட்டால் இந்தப் பிசுபிசுப்பே வராது, பழைய ஃபைபரில் பிடிப்பும் அதிகம். விலை கூடுதல்தான், ஆனாலும் படகு என்பதால் யோசித்துப் பாருங்கள்.

பட்டறை_மேஸ்திரி:

தம்பி, ரெசின் நல்ல ரெசின்தான். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லேமினேட்டிங் ரெசின் என்றால் மேல்பரப்பு பிசுபிசுப்பாகத்தான் நிற்கும், அதற்காகவே அப்படித் தயாரிக்கிறார்கள். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் மேல்தோலை மட்டும் இறுக விடாமல் தடுக்கிறது, அடியில் இருப்பது முழுசாக இறுகிவிடும். அந்தப் பிசுக்கின் மேல் அடுத்த மேட்டைப் போட்டால் இரண்டும் ஒரே உடம்பாகச் சேரும், நடுவில் தேய்க்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு துண்டில் ரெசின் பூசி, ஈரமாக இருக்கும்போதே பாதியை மட்டும் மைலார் தாளால் மூடி, காற்றுக் குமிழ் இல்லாமல் தடவிவிடுங்கள். மைலார் இல்லையென்றால் சுருக்கம் இல்லாத தடித்த பாலித்தீன் போதும். மறுநாள் தாளை உரித்தால் மூடிய பாதி கண்ணாடியாக, காய்ந்து, வழவழவென்று இருக்கும். திறந்த பாதி விரலில் ஒட்டும். ஒரே கலவை, ஒரே நாள், காற்று பட்டதும் படாததும்தான் வித்தியாசம்.

கேட்டலிஸ்ட்டைக் கூட்டினால் இந்தப் பிசுக்கு போகாது. சூடு ஏறி, சுருங்கி, வெடிப்பு விடும், அவ்வளவுதான். கடைசி அடுக்கில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்து பூச வேண்டும். ரெசின் இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைத்துக்கொள்ளும், அதனால் காய்ந்துவிடும். நிறம் கலந்த ஜெல்கோட்டை (படகின் வழவழப்பான மேல்பூச்சு ரெசின்) கடைசியாக மேலே பூசுவதாக இருந்தாலும் அதிலும் மெழுகு சேர்க்க வேண்டும். மெழுகு போட்ட அடுக்கின் மேல் பிறகு எது போடுவதாக இருந்தாலும் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இப்போது பழைய ஒட்டுக்கு வருகிறேன். பின்பக்கத்தில் நீல பெயிண்ட் வந்தது என்று எழுதினீர்களே, காரணம் அங்கேயே இருக்கிறது. அந்த ஒட்டு படகைப் பிடிக்கவே இல்லை, பெயிண்டைப் பிடித்தது. பெயிண்ட் படகை விட்டதும் ஒட்டும் சேர்ந்து வந்துவிட்டது. எங்கள் பட்டறைக்கு வரும் படகுகளில் பழைய ஒட்டைப் பெயர்த்தால் பாதிக்கு மேல் இதே கதைதான்: பின்னால் பெயிண்ட் இருக்கும், அல்லது ஜெல்கோட்டின் பளபளப்பு அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும். ஏற்கெனவே முழுசாக இறுகிய ஃபைபரோடு புது ரெசின் ரசாயனமாகச் சேராது. சொரசொரப்பில் பல் பதித்துப் பிடிக்க வேண்டும். அதனால் பெயிண்ட், ஜெல்கோட் எல்லாம் போய் வெறும் நார் தெரியும்வரை கிரைண்டரில் 36 அல்லது 40 நம்பர் டிஸ்க் போட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். இதில் யாரும் குறுக்கு வழி காட்டினால் கேட்காதீர்கள்.

டிஸ்க் தொடும் முன் ஒரு காசை எடுத்துக் கீறலைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும். அடுக்குப் பிரிந்த இடத்தில் சத்தம் மொத்தையாகச் செத்து விழும். சத்தம் மாறும் இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் கீறலை விடப் பெரிய வட்டம் வரும், பயப்பட வேண்டாம். அந்தக் கோட்டுக்குள் இருப்பது எல்லாம் போக வேண்டும்.

அதன் பிறகு சோப்புத்தூள் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உங்களுடையது டீசல் எஞ்சின், அடியில் டீசல் கலந்த தண்ணீர் நின்றிருக்கும், கீறல் வழியாக நாருக்குள் இறங்கியிருக்கும். கழுவாமல் தேய்த்தால் எண்ணெயை இன்னும் உள்ளே அழுத்தித் தள்ளுவீர்கள். தேய்க்கும்போது தூளைப் பாருங்கள். வெள்ளையாக, காய்ந்து பறக்க வேண்டும். அழுக்காகத் திரண்டு டிஸ்கில் அப்பிக்கொண்டால் டீசல் இன்னும் இருக்கிறது, மேலும் தோண்டுங்கள். உப்பையும் விட்டுவைக்கக் கூடாது, அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தேய்த்த இடம் செங்குத்தான பள்ளமாக இருக்கக் கூடாது. ஓரத்திலிருந்து நடுவுக்குச் சாய்வாக இறங்க வேண்டும். படகு வேலையில் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. தகடு 6 மில்லி கனம் என்றால் கீறலின் ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டராவது சாய்வு ஓட வேண்டும். நிலைத்து நிற்கும் ஒட்டுக்கும் இழுத்தால் வரும் ஒட்டுக்கும் நடுவில் நிற்பது இந்தச் சாய்வுதான்.

கோவைத் தம்பி சொன்னது பொய்யில்லை. பழைய ஃபைபரில் எபாக்ஸியின் பிடிப்பு அதிகம்தான். எஞ்சின் மாட்டும் பின்பலகை போல உள்ளே மரம் இருக்கும் இடமாக இருந்தால் நானும் எபாக்ஸிதான் சொல்வேன், மரத்தில் நீங்கள் வாங்கிய பாலியஸ்டர் வகை ரெசின் சரியாகப் பிடிக்காது. ஏராவுக்கு வேண்டாம். நீங்கள் வாங்கிய மேட்டில் நார்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைந்தால்தான் மேட் துவண்டு வளைவில் படியும். எபாக்ஸியில் அது கரையாமல் விறைப்பாக நிற்கும். தவிர, எபாக்ஸி போட்ட இடத்தில் பின்னால் பாலியஸ்டர் போட்டால் சரியாகப் பிடிக்காது. கரையில் இழுபடும் படகுக்கு ஏராவில் ஒட்டு வேலை வந்துகொண்டேதான் இருக்கும், அப்போது கையில் இருக்கப்போவது பாலியஸ்டர்தான்.

ஒன்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்: கொடுத்தது ஜிபியா (பொதுப் பயன்பாட்டு ரெசின்), ஐசோவா (ஐசோப்தாலிக் ரெசின்)? தண்ணீருக்குள் நிற்கும் பாகத்துக்கு ஐசோ ரெசின்தான் நல்லது. ஜிபியில் நாளாக நாளாகத் தண்ணீர் ஊறும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் கிடந்த இடமெல்லாம் ஃபைபராக மாறிவிட்டது. இத்தனை குடும்பம் இதை நம்பிக் கடலுக்குப் போகிறது. ரெசினில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

வங்கக்கரை:

அண்ணே, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. டப்பாவைப் பார்த்தேன், ஜிபி என்றுதான் இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். தகடு கனம் நீங்கள் சொன்னபடி 6 மில்லிதான் இருக்கிறது. இன்னும் சில கேள்விகள். கசிவை நிறுத்த அப்பா உள்பக்கம் எம்-சீல் அப்பியிருக்கிறார், அதன் மேலேயே போடலாமா? அணியத்தில் தட்டுக்கு அடியில் மிதப்புக்காகத் தெர்மகோல் அடைத்திருக்கிறது, கீறல் அதுவரை போகிறது. ரெசின் எவ்வளவு தேவைப்படும்? அளவு எப்படிக் கலப்பது?

வேதியியல்_ஆசிரியை:

அவர் பதில் சொல்லும் முன் ஒன்று. நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். கேட்டலிஸ்ட் ஒரு பெராக்சைடு. இரண்டும் நேராகச் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நிறம் ஒரே சீராகும்வரை கலக்கிவிட்டு, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச், தனித்தனி குச்சி. பாட்டில்களையும் ஒரே பையில் வைக்க வேண்டாம்.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். பட்டுவிட்டால் உடனே 15 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டைரீன் ஆவிக்குச் சாதாரணத் துணி முகக்கவசம் பயன்படாது, கரி வடிகட்டி உள்ளது வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது, அசிட்டோனும் அங்கேதான் இருக்கும்.

பட்டறை_மேஸ்திரி:

டீச்சர் சொன்னதை அப்படியே கேளுங்கள் தம்பி. எங்கள் பட்டறையில் கோபால்ட் ஒரு அலமாரி, கேட்டலிஸ்ட் எதிர்ச் சுவர் அலமாரி. பையன்கள் சேர்ந்த முதல் நாளே அதைத்தான் காட்டுவேன்.

எம்-சீல் எபாக்ஸி வகை. அதன் மேல் பாலியஸ்டர் பிடிக்காது. உளியால் பெயர்த்து, அந்த இடத்தையும் டிஸ்க் போட்டு நார் வரைக்கும் எடுத்துவிடுங்கள். தெர்மகோலை ரெசினில் உள்ள ஸ்டைரீன் கரைத்துவிடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளமாக இறங்கும். கீறல் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு அதை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே பார்த்துத் துடைத்து, வேலை முடிந்து ரெசின் நன்றாக இறுகிய பிறகு புதுத் துண்டு வையுங்கள். வெட்டி எடுத்த தெர்மகோல் கனமாக இருந்தால் தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம், முழுவதையும் மாற்றுவது நல்லது. கீறல் தகட்டைத் துளைத்து மறுபக்கம் வரை போயிருந்தால் உள்பக்கம் ஒரு மெல்லிய பிளைவுட்டில் மைலார் சுற்றி முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு. சாய்வையும் சேர்த்து 60 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம் என்று வைத்துக்கொண்டால் 450 மேட் ஒரு அடுக்குக்கு 70 கிராம் கிட்ட வரும். மேட்டுக்கு எடையில் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின், ரோவிங் துணிக்கு (தடித்த நார்க்கற்றையில் நெய்தது) சம எடை. நாலு மேட், இரண்டு ரோவிங் போட்டால் 6 மில்லி கிட்ட வந்துவிடும். ஆக ஒரு கிலோ ரெசின் போதும். ஏராவின் நுனியில் மட்டும் கூடுதலாக இரண்டு மேட் சுற்றிவிடுங்கள், மணலில் தேய்வது அங்கேதான்.

முதலில் பழைய ஃபைபரைத் தொடுவது மேட்டாக இருக்கட்டும், ரோவிங்கை விட மேட்தான் நன்றாகப் பிடிக்கும். பெரிய துண்டு முதலில் வர வேண்டுமா, சின்னது முதலில் வர வேண்டுமா என்று மேஸ்திரிகளுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் பெரியதை முதலில் போடுவேன். சாய்வு முழுவதையும் ஒரே துண்டு மூடிப் பிடிக்கிறது, மேலே மட்டம் தேய்க்கும்போது அந்தப் பெரிய துண்டு வெட்டுப்படாது.

ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். மீதி ரெசினைக் குவளையிலேயே விட்டால் சூடேறிப் புகைவிடும், மணலில் மெல்லிசாகப் பரத்திவிடுங்கள். கேட்டலிஸ்ட் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். இந்த வெயிலுக்கு 1 போதும், 300 கிராமுக்கு 3 மில்லி கிட்ட. கோபால்ட் கடையில் கொடுத்த அளவு. காலை ஏழு மணிக்கே தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தேய்த்த இடத்தை அசிட்டோன் துணியால் துடைத்து ஆறவிட்டு, முதலில் ரெசின் பூசி, அதன் மேல் மேட்டை வைத்துப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்துப் பூசினால் நார் கலைந்துவிடும். வெள்ளையாக இருந்த மேட் நனைந்ததும் கண்ணாடியாக மாறி அடியில் உள்ளது தெரியும். தெரியாத வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் காற்று. இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டி அதை வெளியேற்றுங்கள். மூன்று அடுக்கு போட்டு, இறுகிச் சூடு தணிந்த பிறகு அடுத்த மூன்று. அவ்வளவையும் ஒரே மூச்சில் போட்டால் வெந்துவிடும்.

வங்கக்கரை:

நன்றி அண்ணே, நன்றி டீச்சர். வானம் மூடினால் என்ன செய்வது? முடித்த பிறகு எத்தனை நாளில் கடலில் இறக்கலாம்?

பட்டறை_மேஸ்திரி:

முதல் நாள் இரவு தேய்த்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் தகடு இன்னும் ஈரம். அன்று ரெசினைத் தொடாதீர்கள், பெரிய பல்பு ஒன்றை எரியவிட்டுக் காயவையுங்கள். தூறல் வந்தால் தார்ப்பாய் கட்டிவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தைச் சரிக்கட்டக் கோபால்ட்டைக் கூட்டுவார்கள், நீங்கள் செய்ய வேண்டாம். போட்ட அடுக்கு பிசுபிசுப்பாகவே ஓரிரு நாள் நின்றாலும் கெட்டுப்போகாது, மேலே தூசியும் மணலும் விழாமல் மூடிவைத்தால் போதும். அதையும் தாண்டினால் லேசாகத் தேய்த்து அசிட்டோன் போட்டுத் தொடருங்கள்.

மெழுகு போட்ட கடைசிப் பூச்சு முடிந்து நாலு நாள் வெயிலில் கிடக்கட்டும், ஒரு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. இறக்கும் முன் அதே காசை எடுத்து ஒட்டு முழுக்கத் தட்டிப் பாருங்கள், ஓரங்களில் முக்கியமாக. எங்காவது சத்தம் மொத்தையாகக் கேட்டால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.