தனியாக வந்து சொன்னவர்கள்

பங்கின் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழுவை அன்பியம் என்போம். எங்கள் அன்பியத்தில் 2016-இல் ஒரு வழக்கம் தொடங்கினோம். திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த இரக்கத்தின் யூபிலி ஆண்டு அது. 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை. மாதம் ஓர் இரக்கச் செயலை எடுத்துக்கொண்டு, நாம் அதைச் செய்ததையோ பிறரிடமிருந்து பெற்றதையோ பகிர வேண்டும். பசித்தோர்க்கு உணவளித்தலைப் பேசிய அன்று கூட்டம் முடிய இரவு பத்து மணி ஆகிவிட்டது. நோயுற்றோரைச் சந்தித்தலுக்கும் அப்படித்தான். ‘தவறு செய்வோரைத் திருத்துதல்’ வந்த மாதம் மட்டும் எல்லோரும் பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

ஆன்ம நலனுக்கான ஏழு இரக்கச் செயல்களில் இதுவும் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் இதை இரக்கத்தோடு சேர்த்து நினைத்துப் பார்த்தவர் குறைவு. எங்கள் ஊரில் திருத்துவது என்றால் நாலு பேர் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நறுக்கென்று கேட்பது. கேட்டவருக்குத் தைரியசாலி என்று பெயர் கிடைக்கும். கேட்கப்பட்டவருக்கு என்ன ஆனது என்று யாரும் விசாரிப்பதில்லை.

அன்று முதலில் பேசியவன் நான். 1993-இல் நடந்ததைச் சொன்னேன்.

நான் தையற்காரன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் பெண்களுக்கான தையல் கடை. கோடை விடுமுறையில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்கும் வேலை குவியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று கேட்டால் மூன்றரை மீட்டர் என்பேன். அகலத் துணியாக இருந்தால் இரண்டே முக்காலில் முடிந்துவிடும். மீதியை மேசைக்கு அடியில் ஒரு சாக்கில் போட்டுவைப்பேன். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அதில் கைக்குழந்தைகளுக்குத் தொப்பியும் சட்டையும் தைத்து விற்போம். தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்பதால், அது திருட்டு என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.

ஒரு நாள் இரவு, காஜா எடுக்கும் பையன்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். உபதேசியார் குனிந்து உள்ளே வந்தார். எனக்கு ஏழு வயதில் மந்திரம், அதாவது ஜெபங்கள், சொல்லிக்கொடுத்தவர் அவர். கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். பிரித்தால், நான் இரண்டு நாளுக்கு முன் தைத்துக் கொடுத்த கவுன், அதன் மேல் துணிக்கடை ரசீது. அந்தப் பிள்ளையின் அம்மா பீடி சுற்றுகிறவர் என்பது எனக்கும் தெரியும்.

“டேப்பைக் கொடு தம்பி” என்றார். கவுனை மேசையில் விரித்து ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். பாவாடைச் சுற்று, உயரம், கை, லைனிங் என்று ஒவ்வொன்றாக அளந்தோம். “எனக்குத் தையல் தெரியாது. நீயே கணக்குப் பார்த்துச் சொல்” என்றார். துணி வெட்டும் சாக்குக்கட்டியால் மேசை ஓரத்தில் எழுதிக் கூட்டினேன். கூட்டி முடிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. மேசைக்கு அடியிலிருந்த துணிச் சாக்கு என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“எல்லாத் தையற்காரரும் செய்வதுதானே ஐயா” என்றேன்.

“ஆமாம். ஆனால் எல்லாத் தையற்காரருக்கும் நான் மந்திரம் சொல்லிக்கொடுக்கவில்லையே. உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் உன்னிடம் வந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்; போகவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பையன்கள் கிளம்பும்வரை எதிர்த்த டீக்கடை பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார் என்று மறுநாள் டீக்கடைக்காரர் சொன்னார்.

அந்தச் சாக்கை அவிழ்த்து, எது யாருடைய துணி என்று தெரிந்தவரை பிரித்து, பதினொரு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில வீடுகளில் சிரித்தார்கள், ஒரு வீட்டில் திட்டினார்கள். கூலியை 40 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்த்தினேன். துணியில் மறைத்து எடுத்ததை வெளிப்படையாகக் கேட்டேன். அடுத்த ஞாயிறு உபதேசியார் தமக்கு இரண்டு சட்டைத் துணி எடுத்து வந்து என்னிடமே கொடுத்தார். ஆண்களுக்குத் தைப்பவன் இல்லை என்று தெரிந்தும் கொடுத்தார். புதுநன்மைக்குத் தயாரான பிள்ளைகளின் அம்மாக்களிடம் என் கடையைச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். அந்த இரவு நடந்ததை அவர் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது, எங்கள் அன்பியத்துக்கு வழிகாட்டும் அருட்சகோதரி மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். சகோதரன் தவறு செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போக வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால்தான் திருச்சபையிடம் சொல்ல வேண்டும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்று சொல்லி, சகோதரி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். முதலில் தெரு முழுக்கச் சொல்கிறோம், பிறகு பங்குத்தந்தையிடம் போகிறோம், செய்தவர் காதுக்கு அது கடைசியாகத்தான் போகிறது.

இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் இதை அன்பின் செயல் என்றே எழுதியிருப்பதாகவும் சகோதரி சொன்னார். ஒருவரின் உடல் துன்பத்தையோ பொருள் இழப்பையோ நீக்குவதைவிட, அவரைத் தீமையிலிருந்து மீட்பது பெரிய அன்பு என்பது அவர் வாதம். அதோடு, சொன்னால் அந்த மனிதர் இன்னும் கெட்டுப்போவார் என்று தோன்றினால் சொல்லாமல் விடுவதே நல்லது என்றும் எழுதியிருக்கிறாராம். இந்த இரண்டாவது எனக்குப் புதிது. உண்மையாக இருந்தால் போதும், சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

அதன்பின் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள்.

ஓர் ஆசிரியை, தேர்வில் துண்டுத்தாள் வைத்திருந்த மாணவனைப் பற்றிச் சொன்னார். பக்கத்தில் போய் நின்று, தன் கையை அவன் மேசையில் வைத்திருக்கிறார். அவன் துண்டுத்தாளை அந்தக் கைக்குள் வைத்துவிட்டான். வகுப்பில் யாருக்கும் தெரியாது. அவன் தேறவில்லை, மறுதேர்வு எழுதினான்.

அடுத்து ஓர் இளம்பெண் பேசியது எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவளுடைய சித்தி வீட்டில், கொல்லைப்புறச் சன்னல் விளிம்பில் ஓர் எவர்சில்வர் தம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்குமாம். தேங்காய் பறிக்க வருபவருக்குக் காப்பி அதில்தான். சித்தி தினமும் ஜெபமாலை சொல்பவர், ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு செய்பவர். ஒரு நாள் காலை இவள் அந்தத் தம்ளரைக் கழுவி எடுத்துவந்து, “எனக்கு இதில் காப்பி கொடுங்கள் சித்தி” என்றிருக்கிறாள். சித்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு அதில்தான் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முறை போனபோது சன்னலில் தம்ளர் இல்லை. வருகிறவர்கள் எல்லோருக்கும் காகிதக் கப். “சித்தி மாறினார்களா, தப்பித்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை” என்றாள்.

அங்கே ஒருவர் குறுக்கிட்டு, சாதிக்கு இந்த மென்மை போதாது என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம். எங்கள் மறைமாவட்டங்கள் பலவற்றில் கல்லறையில்கூடப் பிரிவினை இருந்ததை அறியாதவர் அந்த அறையில் இல்லை. சகோதரி கலாத்தியர் திருமுகத்தைப் புரட்டினார். அந்தியோக்கியாவில் பேதுரு, பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தவர், சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். எல்லோரும் பார்க்கச் செய்த தவறு, பார்த்தவர்களையும் இழுத்துக்கொண்டு போகிற தவறு. அதனால் எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது. வெளிப்படையான பாவத்துக்கு வெளிப்படையான திருத்தம் என்று அக்குவினாஸும் பிரித்துச் சொல்கிறாராம். சித்தி வீட்டுத் தம்ளர் இதில் எந்தப் பக்கம் என்று நெடுநேரம் பேசினோம். முடிவுக்கு வரவில்லை. அந்தத் தம்ளரில் பல ஆண்டுகளாகக் காப்பி குடித்தவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லையே என்பதுதான் என் மனத்தில் நிற்கிறது.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் கடைசியாகப் பேசினார். அடிபட்டு வரும் மனைவிகளிடம் “அன்பாகச் சொல்லித் திருத்தம்மா” என்று அறிவுரை சொல்லும் நம் ஆட்களை அவருக்குத் தெரியும். அதை இரக்கம் என்று அழைக்கக் கூடாது என்றார். அடிக்கிறவனைத் திருத்தும் பொறுப்பை அடிவாங்குகிறவள் தலையில் கட்டுவது கொடுமை. அங்கே முதல் வேலை அவளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவது, பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைப்பது. குழந்தைகள் விஷயமென்றால் 1098. தனியாகப் போய்ப் பேசுங்கள் என்ற இயேசுவின் சொல்லைக் காட்டிக் குற்றத்தை மூடி மறைப்பவர் அந்தச் சொல்லைத் திருடுகிறவர் என்றார். அறையில் சத்தமே இல்லை. நான் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஏற்கிறேன்.

அன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

2014-இல் எங்கள் பங்குத் திருவிழா முடிந்து, இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு கோயில் முகப்பில் கணக்கு வாசித்தார்கள். வரி வசூல், கொடியேற்றம், பந்தல், சப்பர அலங்காரம், ஒலிபெருக்கி, அசனம் என்று வாசித்து வந்த பொருளாளர் எனக்கு அண்ணன் முறை. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நானும் விழாக்குழுவில் இருந்ததால் மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டே வந்தேன். எழுந்து, “4,200 ரூபாய் குறைகிறதே அண்ணாச்சி, எங்கே போனது?” என்று உரக்கக் கேட்டேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மனைவி பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அவர் படியிறங்கிப் போனதை நான் பார்த்தேன். அப்போதும் நிறுத்தவில்லை. “ஆண்டவர் பணம்” என்று இன்னொரு முறை சொன்னேன்.

அன்று மாலையே பணம் வந்து சேர்ந்தது. மகள் பிரசவத்துக்கு அவசரமாக எடுத்ததாகவும், ரப்பர் பால் பணம் வந்ததும் வைத்துவிட நினைத்ததாகவும் பங்குத்தந்தையிடம் சொல்லியிருக்கிறார். அது தவறுதான். ஆனால் அவர் அதன்பின் இரண்டு ஆண்டுகள் எங்கள் கோயிலுக்கு வரவில்லை. பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குத் திருப்பலிக்குப் போனார். உபதேசியார் என் ஷட்டருக்குள் குனிந்து வந்ததை ஒரு நாளும் மறக்காத நான், அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. கணக்கைச் சரிசெய்துவிட்ட திருப்தி எனக்கு இருந்தது.

அந்த அன்பியக் கூட்டத்துக்கு மறுவாரம்தான் போனேன். கதவைத் திறந்தவர் அண்ணாச்சியின் மனைவி, என் மைனி. உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி வந்து மறுமுனையில் உட்கார்ந்தார். கூட்டத்தில் கேட்டது தவறு என்று சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோனேன். மூன்றாவது ஆண்டு உள்ளே கூப்பிட்டார்கள். இப்போது எங்கள் கோயிலுக்கு வருகிறார், பின்வரிசைத் தூண் பக்கம் நிற்கிறார். விழாக்குழுவுக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் வருவதில்லை.

2023 கிறிஸ்துமஸ் அன்று கிளம்பும்போது வாசல்வரை கூட வந்தார். மைனியும் பேரப்பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தம்பி, அன்று நீ சொன்ன தொகை சரியில்லை. நான் எடுத்தது 3,800. சப்பரத்துப் பூவுக்கு நீ 400 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு போனாய். ரசீது உன்னிடம்தான் இருந்தது, நீ கொடுக்கவில்லை.”

எனக்கு நினைவு வந்துவிட்டது. பூக்கடைக்காரர் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்த ரசீது, என் சட்டைப்பை, துவைத்த பிறகு நைந்த அட்டை, எல்லாம்.

“அப்போதே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?”

“அத்தனை பேர் நின்றார்கள்” என்றார். “உன் பிள்ளைகளும் நின்றார்கள்.”

அடுத்த வியாழன் அன்பியத்தில் எழுந்து நின்று அந்த 400 ரூபாயைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு, பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு, இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு அதே கோயில் முகப்பில் சொன்னேன். அண்ணாச்சி தூண் பக்கம் நின்றிருந்தார். மைனி பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தார்.