வேலூரில் சின்னதாக கார் டீடெய்லிங் தொடங்கலாமா?

சத்துவாச்சாரி_தம்பி:
வணக்கம். வாட்டர் சர்வீஸ் கடையில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன், இப்போது சொந்தமாக டீடெய்லிங் தொடங்க ஆசை. உள் சுத்தம், பாலிஷ், செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு) எல்லாம் செய்யலாம் என்று நினைக்கிறேன். கையில் ஒன்றரை லட்சம்தான் இருக்கிறது. ஷெட் வாடகைக்கு எடுக்கவா, வீடு வீடாகப் போகவா? எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, அது பிரச்சினையாகுமா?

பாலாற்றங்கரை:
தம்பி, முதலில் அந்தத் தண்ணீரைப் பாருங்கள், மிஷின் எல்லாம் அப்புறம். நான் ராணிப்பேட்டையில் தொடங்கிய புதிதில் கத்திரி வெயிலில் ஒரு கறுப்பு காரைக் கழுவிவிட்டு துணி எடுக்க உள்ளே போனேன், திரும்பி வருவதற்குள் பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கலந்த வினிகரில் பாதிதான் போனது, மீதிக்கு காம்பவுண்ட் (பெயின்ட்டை மெல்லத் தேய்த்தெடுக்கும் பேஸ்ட்) போட்டு ஒருநாள் உழைத்தேன், கூலி வாங்கவில்லை. தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்தால் சுண்ணாம்புக் கறை குறையும், ஆனால் அது டிடிஎஸ்ஸைக் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை) குறைக்காது. கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் நிழலில் நிறுத்திக் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள்.

செராமிக் இப்போதைக்கு வேண்டாம். கீறலை எடுக்காமல் கோட்டிங் போட்டால் கீறல் அதற்குள்ளேயே நின்றுவிடும், தெருவில் வைத்துப் போட்டால் தூசியும் சேர்ந்து ஒட்டும். அதற்கு மூடிய ஷெட் வேண்டும். ஒரு வருடம் வீடு வீடாகப் போய் உள் சுத்தமும் பாலிஷும் செய்யுங்கள். பாலிஷுக்கு டிஏ மிஷின் (டூயல் ஆக்‌ஷன், சுற்றிக்கொண்டே அசையும்) வாங்குங்கள், ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மிஷின் கை பழகாதவரிடம் ஓரத்தில் பெயின்ட்டைச் சுட்டுவிடும். காயலான் கடையில் பழைய கதவு ஒன்று வாங்கி அதில் பழகுங்கள்.

கணக்கு_அக்கா:
சிறுதொழிலுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம்தான், ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். சர்வீஸ் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது, ஆனாலும் முதல் நாளிலிருந்தே நோட்டில் எழுதுங்கள். ஷாம்பூ, பாலிஷ் மிஷினில் மாட்டும் பேட், பெட்ரோல் எல்லாம் கழித்து ஒரு காருக்கு என்ன நிற்கிறது என்று தெரியாமல் ரேட் சொல்லவே கூடாது. கடன் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

காந்திநகர்_வாசி:
நான் வாடிக்கையாளர் பக்கம். போன வருடம் ஒருவர் என் காரைத் துடைக்கும்போது துணி மண்ணில் விழுந்தது, உதறிவிட்டு அதே துணியால் தொடர்ந்து தேய்த்தார். இன்றும் வெயில் பட்டால் கதவில் அந்தக் கீறல் தெரிகிறது. கீழே விழுந்த துணியை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு துணி எடுப்பவரை நான் விடவே மாட்டேன். தொடங்கும் முன் காரைச் சுற்றிப் பழைய கீறல்களை எங்களிடம் காட்டி போட்டோ எடுத்துவிடுங்கள், பின்னால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

சத்துவாச்சாரி_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, எல்லோருக்கும். ஷெட் யோசனையை விட்டுவிட்டேன். நாளைக்கே ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி எங்கள் போரையும் மாமா வீட்டு போரையும் அளந்துவிட்டு இங்கே சொல்கிறேன். அந்த டிஏ மிஷினுக்கு எந்த அளவு பேட் நல்லது அண்ணா?