எஞ்சியிருக்கும் ஒரு படி: புறநகர்ச் சாலை, வடிகால் பணிகளில் நாங்கள் நேரில் கண்டவை

முதல் பகிர்வு: ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், தென்சென்னைப் புறநகர்

ஏரிக்குக் கீழ்ப்புறமாக அமைந்த ஒரு நகரில் 1993 முதல் குடியிருக்கிறேன். வீடு கட்டியபோது வாசலுக்கு ஐந்து படிகள் வைக்கலாம் என்று மேஸ்திரி சொன்னார். வயதான அப்பா ஏறுவதற்குச் சிரமப்படுவார் என்று நான்தான் ஒன்றைக் குறைத்து நான்காக்கினேன். அந்த ஒரு படியைப் பற்றி இத்தனை ஆண்டுகள் நினைத்து வருந்துவேன் என்று அன்று எனக்குத் தெரியாது.

தெருவுக்கு முதன்முதலாகத் தார்ச்சாலை வந்த நாளில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்து மகிழ்ந்தோம். அதுவரை மழைக்காலத்தில் பால்காரர் தெருமுனையோடு திரும்பிவிடுவார். பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பெரிய சாலைக்குப் போவார்கள். ஆனால் அதன்பின் சாலை பழுதடைந்த ஒவ்வொரு முறையும் பழைய தளத்தை அகற்றாமல் அதன் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி உருட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்குள் மூன்று படிகள் சாலைக்குள் மறைந்தன. வாசலில் நின்று தெருவை மேலிருந்து பார்த்த காலம் போய், தெருவில் நடப்பவர் எங்கள் கூடத்தை எட்டிப் பார்க்கும் நிலை வந்துவிட்டது.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தாங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மழை நின்று, பெரிய சாலையில் நீர் வடிந்த பிறகும் எங்கள் வீட்டுக்குள் நான்கு நாட்கள் தண்ணீர் நின்றதற்கு மழை காரணமன்று. வீடு தெருவைவிட ஒரே ஒரு படி உயரத்தில் நின்றுபோனதுதான் காரணம். அதன்பின் எதிர்வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி உயர்த்திக்கொண்டார். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்து ஆளுயர மேடை போட்டுக் கட்டினார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் இப்படி ஒவ்வொருவரும் உயர உயர, தெருவில் எவரால் உயர்த்த இயலவில்லையோ அவர் வீட்டில்தான் அத்தனை தண்ணீரும் வந்து சேர்கிறது. எங்கள் தெருவில் அது தனியாக வாழும் ஓர் அம்மையாரின் ஓட்டு வீடு.

2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக்கூடாது என்று துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். செய்தித்தாளில் அதைப் படித்ததும் வெட்டிக் கோப்பில் வைத்தேன். சென்ற முறை எங்கள் தெருவுக்குச் சாலை அனுமதிக்கப்பட்டபோது, பணி தொடங்கும் முன்பே நலச்சங்கத்தார் ஐந்து பேர் சேர்ந்து, ஒவ்வொரு வீட்டுச் சுற்றுச்சுவரிலும் அன்றிருந்த சாலை மட்டத்திலிருந்து சரியாக ஓரடி உயரத்தில் சிவப்பு வண்ணத்தில் கோடு போட்டுப் படமும் எடுத்துக்கொண்டோம். ஒப்பந்ததாரரின் ஆட்கள் ஓர் இரவு பதினோரு மணிக்கு ஜல்லி லாரியோடு வந்தார்கள். சுரண்டும் இயந்திரம் வரவில்லை. நாங்கள் லாரியின் முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்தோம். கூச்சலும் வசையும் இல்லை. தேநீர் வரவழைத்து அந்தத் தொழிலாளர்களுக்கும் கொடுத்தோம், ஏனெனில் தவறு அவர்களுடையதன்று. காலையில் வந்த இளம் பொறியாளர் மதிப்பீட்டைப் புரட்டிப் பார்த்து, சுரண்டும் பணிக்கும் அதில் தொகை ஒதுக்கப்பட்டிருப்பதை எங்களிடமே காட்டினார். இரண்டு நாட்களில் இயந்திரம் வந்தது. சுரண்டிய அளவுக்கே புதிய தளம் போட்டார்கள். கோட்டிலிருந்து அளந்து பார்த்தோம், ஓரடி ஓரடியாகவே இருந்தது. இழந்த மூன்று படிகள் திரும்பவில்லை, எஞ்சியிருந்த ஒரு படி பிழைத்தது. உங்கள் பகுதிகளில் இத்தகைய பணிகள் நடந்தபோது நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

இரண்டாம் பகிர்வு: கட்டுமான மேற்பார்வையாளர்

ஐயாவின் சிவப்புக் கோடு மிக நல்ல முறை. அதோடு வடிகாலின் மட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று பணிவுடன் சேர்க்கிறேன். முப்பது ஆண்டுகள் கட்டடத் தொழிலில் இருந்தும், என் வீட்டு முன்னால் வெட்டிய மழைநீர் வடிகாலை ஒரு மழைக்காலம் முடியும்வரை நான் கவனிக்கவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

வடிகால் ஓடுவதற்கு அகலத்தைவிடச் சரிவு முக்கியம். பணியைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒரு தெருவை ஒருவரும் அடுத்த தெருவை மற்றொருவரும் கட்டும்போது, நீர் வரும் பக்கத்து வடிகாலின் அடித்தளம் நீர் போக வேண்டிய பக்கத்து அடித்தளத்தைவிடத் தாழ்ந்துவிடுகிறது. நடுவில் மின்கம்பமோ பெரிய மரமோ வந்தால், அந்தப் பத்தடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருவில் நடந்தது அதுதான். இரு பக்கமும் கான்கிரீட் வடிகால் முழுமையாக இருந்தது. நடுவில் ஒரு மின்மாற்றியின் அடியில் இணைப்பே இல்லை. மேலே மூடி போட்டுவிட்டதால் எவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. முதல் மழையில் நீர் எதிர்த்திசையில் புரண்டு, வண்டல் தொட்டிகளின் வழியாகத் தெருவுக்கே திரும்பி வந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். கண்ணாடி போல உள்ளே தெரியும் நீளமான நெகிழிக் குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நம் வீட்டு வடிகாலின் வாயிலும் மறுமுனையை அடுத்த வாயிலும் பிடித்தால் நீர் இரு முனைகளிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து வடிகாலின் அடிவரை அளந்தால் எது தாழ்வு, எது உயர்வு என்று அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும். நானும் என் தம்பி மகனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனையிலிருந்து போக்குக் கால்வாய் வரைக்கும் அப்படியே அளந்து, ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து மனுவோடு இணைத்தோம். முன்பு கொடுத்த மூன்று மனுக்களுக்குக் கிடைக்காத பதில் அந்த வரைபடத்துக்குக் கிடைத்தது. விடுபட்ட துண்டை அந்தக் கோடையிலேயே கட்டி இணைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காகிதம் கேட்பதற்கான சட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடைபெறும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதில் உரிமை உண்டு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பணி மதிப்பீட்டின் நகலையும், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்டுப் பெறுங்கள். என் தொழில் அனுபவத்தில், அளவு கேட்கும் ஆள் ஒருவர் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்த இடத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறது.

மூன்றாம் பகிர்வு: இல்லத்தரசி, புதிதாகப் பாதாளச் சாக்கடை வந்த பகுதி

பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டிய ஏழு மாதங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். அத்திட்டம் எங்களுக்கு எவ்வளவு தேவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மழை பெய்தால் கழிவுத்தொட்டி நிரம்பிவிடும்; கழிவுநீர் லாரியை அழைத்தால் எல்லா வீடுகளும் ஒரே நாளில் அழைப்பதால் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த லாரி எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று கேட்க எங்களுக்குத் துணிவும் இருந்ததில்லை.

ஆயினும் தெரு முழுவதையும் ஒரே வாரத்தில் தோண்டிப் போட்டுவிட்டு, குழாய் வரவில்லை என்று காத்திருந்த நாட்கள் கொடியவை. என் மாமியாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், மாதந்தோறும் ஒரு பெண் பணியாளர் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். பள்ளத்தின் மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையில் அந்தப் பெண் மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். "நீங்க வராட்டி பரவாயில்லம்மா, நாங்க வந்து வாங்கிக்கிறோம்" என்று மாமியார் சொன்னதற்கு, "பாட்டிம்மா, நீங்க இந்தப் பலகையில நடக்கக் கூடாதுன்னுதான் நான் நடக்கிறேன்" என்றார். அரசின் சேவை என்றால் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அன்று மாலையே தெருப் பெண்கள் பதினெட்டுப் பேர் பணியிடத்துக்குப் போனோம். தோண்டியதை மூடிவிட்டு அடுத்த நூறடியைத் தோண்டுங்கள், அதுவரை அடுத்ததைத் தொடாதீர்கள் என்பது மட்டுமே எங்கள் கோரிக்கை. மேற்பார்வையாளர் முதலில் மறுத்தார். மறுநாள் பொறியாளர் வந்து அதுவே சரியான முறை என்று ஏற்றுக்கொண்டார். குழாய் பதித்த இடத்தில் மண் நன்றாக இறுகும் முன்பே சாலை போட்டால் அது உள்வாங்கிவிடும் என்றும், ஒரு மழையாவது போகட்டும் என்றும் அவர் விளக்கினார். அதைப் பொறுமையோடு முன்பே சொல்லியிருந்தால், சாலை ஏன் இன்னும் போடவில்லை என்று நாங்கள் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டோம்.

நான்காம் பகிர்வு: சிட்லபாக்கம்

எங்கள் அனுபவம் ஏரியோடு சேர்ந்தது. 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீருக்குத் தவித்தபோது சிட்லபாக்கம் ஏரியும் வறண்டது. அந்த நாட்களில் இங்குள்ள தன்னார்வலர்கள் மண்வெட்டியும் பாண்டுமாக ஏரிக்குள் இறங்கினார்கள். நானும் என் மகளும் வாரந்தோறும் போனோம். மண்ணை ஒரு சாண் வெட்டினால் நெகிழிப் பை, மறுபடி ஒரு சாண் வெட்டினால் மறுபடியும் நெகிழிப் பை என்று அடுக்கடுக்காக வந்தது. கையால் தூர்வாரி ஓர் ஏரியை மீட்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகே இந்த ஏரி பலருடைய பேச்சில் வந்தது. பின்னர் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சீரமைப்புப் பணியைத் தொடங்கியது.

மேலே எழுதிய நண்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தெரு வடிகாலின் மட்டத்தைப் பேசும்போது அது சென்று சேரும் ஏரியையும், அந்த ஏரி நிரம்பினால் நீர் போகும் கலிங்கலையும் சேர்த்தே பேச வேண்டும். எங்கள் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து கீழேயுள்ள நீர்நிலைகளின் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலம்தான் தென்சென்னையின் கடைசி வடிகால். நம் தெருவின் கழிவுநீரை இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிடும் வீடு ஒவ்வொன்றும் இந்தச் சங்கிலி முழுவதையும் கெடுக்கிறது. இதில் அதிகாரிகளைவிட நம்மிடம்தான் குறை அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் பகிர்வு: வாடகைக்குக் குடியிருப்பவர்

சுருக்கமாக எழுதுகிறேன். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் அன்றைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலினே கலந்துகொண்டார் என்ற செய்தியைப் பார்த்துத்தான், கிராமசபை போல நகரத்திலும் ஒன்று உண்டு என்று அறிந்தேன். எங்கள் பகுதியில் நடந்த கூட்டத்துக்குத் தயங்கியபடியே போனேன். சொந்த வீடு இல்லாதவருக்கு அங்கே என்ன பேச்சு என்று எவராவது கேட்பார்களோ என்ற அச்சம் இருந்தது; எவரும் கேட்கவில்லை. தெருவிளக்கு எரியாத மூன்று கம்பங்களின் எண்களைக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். கம்பத்தின் எண்ணோடு சொன்னதால் அங்கேயே பதிவேட்டில் எழுதினார்கள். ஒன்பதாம் நாள் மூன்றும் எரிந்தன. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் நடந்து வரும் என் போன்ற பெண்களுக்கு அது சிறிய செய்தியன்று.

முதல் பகிர்வை எழுதியவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. மேற்பார்வையாளர் ஐயா சொன்னபடி நாற்பதடி நெகிழிக் குழாய் ஒன்றை நேற்று வாங்கி வந்தேன். எங்கள் வடிகாலின் மட்டத்தை இதுவரை அளந்ததில்லை. அந்த ஓட்டு வீட்டின் முன்னால் மட்டும் நீர் ஏன் மூன்று நாள் தங்குகிறது என்பதற்கு அதில்தான் விடை இருக்கும் என்று தோன்றுகிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். அந்த அம்மையாரிடம் சொன்னபோது, குழாயின் ஒரு முனையைத் தன் வாசலில் தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அளவு கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.